முட்டைத் திருட்டும் டிராகோனியன்களும்

செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சொல்வாங்க. செத்தும் கெடுத்தான்னு யாரையாவது சொல்லணும்னா, யோசிக்காம டிராகோனியனைச் சொல்லிடலாம். வெட்டினா கல்லா மாறி உங்க வாளைக் கவ்விக்குவான். இல்லேன்னா அமிலமாக் கரைஞ்சு காலடியில தேங்குவான். அதுவும் இல்லேன்னா எலும்பெல்லாம் வெடிச்சுச் சிதறி, பக்கத்துல நிக்கிறவனையும் கூட்டிட்டுப் போவான்.

இப்படி ஒரு கற்பனை ஜந்துவைப் பத்தித்தான் இந்தப் பதிவு. "விளையாட்டுல வர்ற பூதத்தைப் பத்தி என்னய்யா கருத்து வேண்டிக் கிடக்கு?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நாப்பது வருஷத்துக்கு மேல தீர்ப்பாகாம கிடக்கிற ஒரு வழக்கு இது. நான் டிராகோனியன் கட்சி. அதை முதல்லயே சொல்லிடறேன்.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா ஒரு முன்கதை. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ல் வந்த விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் சேர்ந்து உருவாக்கினது. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உக்காந்து, ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு, பகடையை உருட்டி, வாயாலயே கதையை நகர்த்திட்டுப் போறது. ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். கதையை நடத்துறதும், எதிரே வர்ற பூதம், ராஜா, பொட்டிக்கடைக்காரன் எல்லாருக்கும் குரல் கொடுக்கறதும் அவர்தான்.

இந்த விளையாட்டுக்காக உருவான உலகங்கள்ல ஒண்ணு 'டிராகன்லான்ஸ்'. டிரேஸி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியோட யோசனையில முளைச்சது. 1984ல் சாகசப் புத்தகங்களாவும், அதே வருஷம் மார்கரெட் வைஸும் டிரேஸி ஹிக்மனும் எழுதின நாவலாவும் வெளிவந்துச்சு. உலகத்தோட பேரு க்ரின். அங்கே டிராகன்கள் ரெண்டு கட்சி. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, வெள்ளைன்னு வண்ண டிராகன்கள் தீய பக்கம். தங்கம், வெள்ளி, வெண்கலம், செம்பு, பித்தளைன்னு உலோக டிராகன்கள் நல்ல பக்கம். தீய பக்கத்துக்குத் தலைவி அஞ்சு தலை டிராகன் தெய்வம் டக்கிஸிஸ்.

இப்போ வழக்குக்கு வருவோம்.

பெரிய போர் ஒண்ணு தொடங்கறதுக்கு முன்னாடி, உலோக டிராகன்கள் தூங்கிட்டு இருந்தப்போ, அவங்க முட்டைகளைத் தீய டிராகன்கள் திருடிட்டுப் போயிடுது. அப்புறம் பேரம். "நாங்க நடத்தப் போற போர்ல நீங்க தலையிடக் கூடாது. தலையிடலேன்னா முட்டை பத்திரமாத் திரும்பி வரும்." பெத்தவங்க வேற என்ன செய்வாங்க? சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு ஒதுங்கிட்டாங்க.

திருடினவங்க சத்தியத்தைக் காப்பாத்தலை. டிராகார்ட்னு ஒரு கறுப்பங்கி மந்திரவாதி, விர்லிஷ்னு ஒரு பூசாரி, ஹார்க்கியல்னு ஒரு கிழட்டுச் சிவப்பு டிராகன். மூணு பேரும் சேர்ந்து அந்த முட்டைகள் மேல சடங்கு செஞ்சாங்க. உள்ள இருந்த குஞ்சு சிதைஞ்சு, ஒரு முட்டையிலேர்ந்து பல உருவங்களாக் கிளம்பிச்சு. மனுஷன் மாதிரி நிமிர்ந்து நடக்கிற, செதில் போர்த்தின, பேசவும் யோசிக்கவும் ஆயுதம் பிடிக்கவும் தெரிஞ்ச சிப்பாய்கள். அதுதான் டிராகோனியன்.

எந்த உலோகத்தோட முட்டையோ அதுக்குத் தகுந்த மாதிரி அஞ்சு வகை:

பித்தளையிலிருந்து பாஸ். பேருதான் பாஸ், வேலை என்னவோ கடைநிலைச் சிப்பாய் :-) செத்தா கல்லாயிடும். குத்தின வாள் அதுக்குள்ளேயே மாட்டிக்கும். கொஞ்ச நேரத்துல கல் தூளாகும்.

செம்பிலிருந்து கபாக். எச்சில்ல விஷம். கத்தியை நக்கிட்டுச் சண்டைக்கு வரும். செத்தா அமிலக் குட்டை.

வெண்கலத்திலிருந்து போஸாக். மந்திரம் தெரிஞ்சவன். செத்தா சதை உதிர்ந்து எலும்பு வெடிக்கும்.

வெள்ளியிலிருந்து சிவாக். நல்லாப் பறக்கும். ஒரு மனுஷனோ எல்ஃபோ கொன்னா, கொன்னவனோட உருவத்தையே எடுத்துக்கிட்டுப் பிணமாக் கிடக்கும். மூணு நாள் கழிச்சுக் கரியாகி உதிரும்.

தங்கத்திலிருந்து ஔராக். சிறகு கிடையாது, ஆனா இருக்கறதுலயே அபாயமானது இதுதான். சாகற நேரத்துல பச்சை நெருப்பா எரிஞ்சு, வெறியோட சண்டை போட்டு, கடைசியில வெடிக்கும்.

விளையாட்டா மட்டும் பார்த்தா இது அற்புதமான வேலை, மறுக்கவே முடியாது. அதுவரைக்கும் சின்ன எதிரிகள்னா கோபோல்டும் கோப்ளினும்தான். வெட்டு, காசை எடு, அடுத்த அறைக்குப் போ. டிராகோனியன் வந்ததும் வீரர்கள் நின்னு யோசிக்க வேண்டியதாச்சு. இவனைக் கிட்டப் போய்க் குத்தறதா, தூரத்துலேர்ந்து அம்பு விடறதா? ஒரே வாளைத்தான் வெச்சிருக்கேன், அது கல்லுல மாட்டிக்கிட்டா அடுத்தவனை எதால அடிக்கறது? கொல்றதுக்கு ஒரு விலை வெச்ச முதல்தரமான ஏற்பாடு.

ஆனா கவனிங்க. எப்படிக் கொல்றதுன்னு யோசிக்க வெச்சாங்களே தவிர, கொல்லத்தான் வேணுமான்னு யோசிக்க வைக்கலை.

இன்னொண்ணும் உண்டு. மேல இருக்கிற அஞ்சு வகையையும் திரும்பப் படிச்சுப் பாருங்க. தூசி, அமிலம், வெடி, கரி, திரும்பவும் வெடி. ஒருத்தனுக்கும் பிணம் மிஞ்சறதில்லை. புதைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம், முகத்தை மூட வேண்டாம். போர் முடிஞ்ச களத்துல மனுஷன், எல்ஃப், குள்ளன் எல்லாருக்கும் அழ ஆள் இருக்கு. டிராகோனியன் செத்த இடத்துல தரையைப் பெருக்கினாப் போதும். இதை யாரும் திட்டம் போட்டு இப்படி வெச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கலை. ஆனா விளைவு அதுதான்.

இப்ப அந்தத் திருட்டுக் கணக்குக்குத் திரும்பலாம். கதைப்படி கில்தானஸ்ங்கிற எல்ஃப் இளவரசனும், எல்ஃப் வேஷத்துல இருக்கிற வெள்ளி டிராகன் சில்வாராவும் எதிரியோட இடத்துக்கே போய் இந்தச் சடங்கைக் கண்டுபிடிக்கிறாங்க. சேதி உலோக டிராகன்களுக்குப் போகுது. சத்தியம் முறிஞ்சது. நல்ல டிராகன்கள் போருக்குத் திரும்பி வர்றாங்க. 1985ல் வந்த மூணாவது நாவல்ல படிக்கிறவனுக்குக் கைதட்டத் தோணற இடம் அது.

தட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அவங்க யாரை எதிர்த்துப் போருக்கு வர்றாங்க? எதிரிப் படையில கூட்டங்கூட்டமா நிக்கிற சிப்பாய்கள் யாரு? அவங்க பெத்த முட்டையிலிருந்து வந்தவங்கதானே? வெள்ளி டிராகன் ஒண்ணு மேலேர்ந்து மூச்சு விட்டு ஒரு வரிசை சிவாக்குகளை உறைய வைக்குதுன்னா, தாய் தன் பிள்ளைகளையே கொல்லுதுன்னுதானே அர்த்தம்? கதை இந்த இடத்துல அதிக நேரம் நிக்கலை. முட்டை போச்சு, பிள்ளை போச்சு, இப்ப எதிர்ல நிக்கறது வேற ஏதோ. அப்படித்தான் கணக்கு தீருது.

எனக்குத் தீரலை. காணாமப் போன பிள்ளை வேற சட்டை போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தா, "இது என் பிள்ளை இல்லை"ன்னு சொல்ற உரிமை யாருக்கு? பெத்தவங்களுக்கு இருக்கலாம். மேசையில பகடை உருட்டற நமக்கு இருக்கா?

இந்த விளையாட்டுல ரொம்பப் பழைய தர்மசங்கடம் ஒண்ணு உண்டு. 1979ல் கைகாக்ஸ் எழுதின 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்துல, பூதங்களோட குகைகளை விவரிக்கறப்போ சண்டை போடாத குட்டிகளும் உள்ள இருக்குன்னு எழுதியிருப்பாங்க. பெரியவங்களையெல்லாம் வெட்டித் தள்ளிட்டு உள்ள போனா மூலையில குட்டிங்க. என்ன பண்ணப் போறீங்க? எத்தனையோ மேசைகள்ல நட்பே முறியற அளவுக்குச் சண்டை நடந்த கேள்வி இது. டிராகோனியன் கதையில அந்தக் கேள்வி இன்னும் மோசம். ஏன்னா இங்கே அந்தக் குட்டி மூலையில இல்லை. வளர்ந்து, கவசம் போட்டு, உங்க எதிர்லயே நிக்குது.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துடலாம். நானும் மத்தவங்களோட பேசிப் பேசிக் கேட்டது மூணு.

முதல் வாதம்: "வாரம் பூரா ஆபீஸ்ல மண்டை காயுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குற்ற உணர்ச்சி இல்லாம நாலு பேரை வெட்டணும். அதுக்கும் தத்துவமா?" நியாயமான ஆசை. அதுக்குத்தான் எலும்புக்கூடு இருக்கு, ஸோம்பி இருக்கு, மந்திரத்துல நடக்கிற கல் பொம்மை இருக்கு. இதுக்கெல்லாம் யோசனை கிடையாது, வலி கிடையாது. தாராளமா வெட்டுங்க. டிராகோனியனையும் வெட்டலாம், ஊரைக் கொளுத்த வர்ற படையில இருந்தா வெட்டித்தான் ஆகணும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அவன் ஆயுதத்தைக் கீழே போட்டா? இனமே பொல்லாததுன்னு எழுதி வெச்ச விளையாட்டுல போர்க்கைதின்னு ஒருத்தன் இருக்கவே முடியாது. அந்தக் கேள்வியே மேசைக்கு வராது. ஒரு நல்ல கதை அங்கேயே செத்துப் போகுது.

ரெண்டாவது வாதம்: "சடங்கு செஞ்சு கெடுத்தாச்சு. அவங்க ரத்தத்துலயே தீமை. அது அந்த உலகத்தோட விதி." சரி, அப்படியே வெச்சுக்குவோம். தேர்ந்தெடுக்கவே முடியாத ஒருத்தனைப் பொல்லாதவன்னு எப்படிச் சொல்றது? அரிவாள் பொல்லாததா, அதைப் பிடிச்ச கை பொல்லாததா? தேர்வு இருந்தா அவன்கூடப் பேசிப் பார்க்கணும். தேர்வு இல்லேன்னா அவன்மேல இரக்கப்படணும். ரெண்டுலயும் சேராம "பொறக்கும்போதே கெட்டவன், அதனால அடி"ங்கறது தர்க்கம் இல்லை, சௌகரியம்.

அதுவும் இல்லாம, இந்த விதியை அந்த உலகமே பின்னாடி உடைச்சுக்கிச்சு. 1996ல் மார்கரெட் வைஸும் டான் பெரினும் 'தி டூம் பிரிகேட்'னு ஒரு நாவல் எழுதினாங்க. கதாநாயகன் காங், ஒரு போஸாக். பொறியாளர் படையோட தளபதி. பாலம் கட்டறது, அரண் கட்டறதுதான் தொழில். போர்ல தோத்தாச்சு, எஜமானர்கள் கை விட்டாச்சு. காங்கும் அவன் ஆளுங்களும் ஒரு பள்ளத்தாக்குல குடிசை போட்டு உக்காந்துக்கிறாங்க. பக்கத்து ஊர் குள்ளர்களோட சாராயத்தைத் திருடறது, அவங்க பதிலுக்கு வந்து இவங்ககிட்ட கை வைக்கிறதுன்னு, யாரும் யாரையும் கொல்லாம ஒரு மாதிரி பழகிப்போன பகை. படிக்க அவ்வளவு சிரிப்பா இருக்கும்.

சிரிப்புக்கு அடியில ஒரு பயம் ஓடிக்கிட்டே இருக்கும். டிராகோனியன் எல்லாமே ஆண். அவங்களைச் செஞ்சவங்க, இந்தச் சிப்பாய்க் கூட்டம் தானாப் பெருகிடக் கூடாதுன்னு, பெண் முட்டைகளைப் பொரிக்க விடாம ஒளிச்சு வெச்சுட்டாங்க. ஒவ்வொரு ஆள் சாகும்போதும் இனமே ஒரு ஆள் குறையுது. வாரிசு கிடையாது. அந்த நேரத்துல அந்தப் பெண் முட்டைகள் காங் கைக்குக் கிடைக்குது. 2000ல் வந்த 'டிராகோனியன் மெஷர்ஸ்' அதோட தொடர்ச்சி. சொந்தமா ஒரு ஊரை, ஒரு நாட்டை நோக்கி இந்தக் கூட்டம் நடக்குது.

முட்டைத் திருட்டுல பொறந்த ஒரு இனம், முட்டையைக் காப்பாத்தறதுல மனுஷத்தன்மை அடையுது. சாராயம் திருடற, தப்பு செய்யற, பயப்படற, ஆனா தன் ஆளுங்களை விட்டுக்கொடுக்காத ஒரு தளபதி. காங் ஒண்ணும் புனிதர் கிடையாது. புனிதர் ஆகாமலேயே ஆளாக முடிஞ்சுது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது.

மூணாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது: "எல்லாரையும் சாம்பல் நிறமாக்கிட்டா வில்லனே இருக்க மாட்டான். கதை சப்புன்னு போயிடும்." இதுக்கு நான் சொல்ற பதில், வில்லன்கள் இருக்காங்களே! டக்கிஸிஸ் இருக்கா. முட்டை மேல கை வெச்ச டிராகார்ட், விர்லிஷ் இருக்காங்க. படையை நடத்தின டிராகன் ஹைலார்டுகள் இருக்காங்க. டிராகோனியனை ஆளா மதிச்சாத்தான் இவங்க செஞ்சது எவ்வளவு பெரிய குத்தம்னு புரியும். வெறும் பூதமா நினைச்சா, இவங்க ஏதோ ஆயுதத் தொழிற்சாலை நடத்தின மாதிரி ஆயிடுது.

இதுல ஒரு ஓரவஞ்சனையும் இருக்கு. நீல டிராகன் படையோட ஹைலார்ட் கிடியாரா. மனுஷப் பொண்ணு. தெரிஞ்சே, விரும்பியே அந்தப் பக்கம் போனவ. அவளுக்குக் காதல் உண்டு, பழைய நண்பர்கள் உண்டு, ரசிகர் கூட்டமும் உண்டு. கறுப்பங்கிக்கு மாறின மந்திரவாதி ரெய்ஸ்ட்லினுக்கு 1986ல் தனியா ஒரு மூணு நாவல் தொடரையே மையமா வெச்சாங்க. தேர்ந்தெடுத்துக் கெட்டவங்களுக்கு உள்மனசு கொடுத்தாங்க. தேர்ந்தெடுக்க விடாமக் கெடுக்கப்பட்டவங்களுக்குச் சாவு விளைவு அட்டவணை கொடுத்தாங்க. இது எந்த ஊர் நியாயம்?

விதிப்புத்தகங்களும் சும்மா இருக்கலை, மெதுவா நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2000ல் வந்த மூணாம் பதிப்புல ஒவ்வொரு ஜந்துவோட குணத்துக்கு முன்னாடியும் 'எப்போதும்', 'வழக்கமாக', 'பல சமயம்'னு ஒரு சொல் சேர்த்தாங்க. 'வழக்கமாக'ன்னு போட்ட உடனேயே விதிவிலக்குக்குக் கதவு திறந்தாச்சு. 2020 ஜூன்ல விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், ஓர்க், டிரௌ மாதிரி இனங்களையும் மத்த மக்களைப் போலவே சிக்கலானவங்களாக் காட்டுவோம்னு வெளிப்படையாவே அறிவிச்சுது. அதைக் கிண்டல் பண்ணினவங்க நிறைய. ஆனா டிராகன்லான்ஸ் படிச்சவங்களுக்கு இது புதுசில்லை. காங் அதுக்கு 24 வருஷம் முன்னாடியே அந்த வேலையைச் செஞ்சு முடிச்சுட்டான்.

நடுவுல 2008ல் நாலாம் பதிப்பு டிராகன்பார்னை முதன்மை ஆட்டக்காரர் இனமாக் கொண்டு வந்துச்சு. அதுவும் டிராகன் முகம், அதுவும் நிமிர்ந்த நடை, வாயில நெருப்பு, கூடவே மானம் மரியாதை பெரிசுங்கற குணம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 2014ல் வந்த அஞ்சாம் பதிப்பிலயும் தொடர்ந்துச்சு. 2023ல் 'பால்டர்ஸ் கேட் 3' கம்ப்யூட்டர் விளையாட்டுல கூட டிராகன்பார்னா ஆடலாம். எனக்கும் டிராகன்பார்ன் மேல கோபம் ஒண்ணும் இல்லை. ஆனா அது புதுச்சட்டை. கறை எதுவும் இல்லாம தச்சு வந்தது. டிராகோனியனோட மதிப்பே அந்தக் கறையிலதான் இருக்கு. "நீ எப்படிப் பொறந்தேங்கறதுக்கு நீ பொறுப்பில்லை, இனிமே என்ன செய்யறேங்கறதுக்குப் பொறுப்பு"ங்கற பேச்சை டிராகன்பார்ன் கிட்டப் பேச வேண்டிய அவசியமே வராது.

2022 டிசம்பர்ல அஞ்சாம் பதிப்புக்கு 'ஷேடோ ஆஃப் தி டிராகன் க்வீன்' வந்தப்போ டிராகோனியன்களும் அதுல வந்தாங்க. செத்தா கல்லாகறது, வெடிக்கறது எல்லாம் அப்படியே. இந்த விதிகளை மாத்தணும்னு நான் கேக்க மாட்டேன். மாற வேண்டியது மேசையில. நடத்தறவங்க கையிலதான் இருக்கு. என் யோசனைகள் சின்னச் சின்னது.

அடுத்த தடவை ஆறு பாஸ் எதிரே வந்தா, ஒருத்தனுக்காவது பேர் வைங்க. இன்னொருத்தன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

தோக்கறது தெரிஞ்சதும் ஒருத்தன் ஆயுதத்தைப் போடட்டும். உங்க வீரர்கள் என்ன செய்யறாங்கன்னு பாருங்க. குறுக்க பேசாதீங்க.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. உங்க குழுவுக்குத் துணையா ஒரு வெள்ளி டிராகன் வரும் இல்லையா? அது இருக்கும்போது ஒரு சிவாக்கைக் கைதியாப் பிடிச்சுட்டு வரட்டும். ரெண்டையும் ஒரே கூடாரத்துல நிறுத்துங்க. "இவனை என்ன செய்யலாம்?"னு வீரர்கள் அந்த டிராகனைக் கேக்கட்டும். அது என்ன சொல்லும்? பதில் எந்த விதிப்புத்தகத்திலயும் இல்லை. பகடையாலயும் தீர்மானிக்க முடியாது. யாராவது வாயைத் திறந்து பேசித்தான் ஆகணும்.

அதுக்காகத்தானே மக்களே, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கிட்டு மேசையைச் சுத்தி உக்காந்திருக்கோம்? வெறும் பகடை உருட்டறதுன்னா பரமபதமே போதுமே.

உங்க மேசையில அந்த வெள்ளி டிராகன் என்ன சொல்லிச்சுன்னு ஆடிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. "பிள்ளையே இல்லை, கொன்னுடு"ன்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். யோசிச்சுச் சொல்லியிருக்கணும், அவ்வளவுதான்.